மேல் வீட்டு அமெரிக்கர்கள்

கைசர்ஸ்லாட்டர்ன்
ஞாயிறு, மதியம் 2 மணி

அன்புள்ள வாத்தியாரம்மா,

ரிட்டயர் ஆகி மூன்று வருஷம் ஆகியும் உன் கடிதத்தில் கேள்வித்தாள் வாடை போகவில்லை. எண் போட்டு ஏழு கேள்வி! வாடகை எவ்வளவு, குளிர் எப்படி, அரிசி கிடைக்குமா என்று ஆறு கேள்வி ஒப்புக்கு. ஏழாவதுதான் நீ கேட்க வந்தது: "பேரப்பிள்ளைகள் டல்லாஸிலேயே பிறந்து வளர்ந்தவை. திடீரென்று மகள் குடும்பத்துக்கு பிராங்க்பர்ட்டுக்கு மாற்றல் என்றால் அதுகள் தாங்குமா?" மூன்று வருஷம் ஹாஸ்டலில் ஒரே அறையில் கிடந்தவளிடம் இதையெல்லாம் மறைக்க முடியுமா?

பிராங்க்பர்ட் இங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். விமானம் ஏறத்தான் அங்கே போவேன், அதனால் அந்த ஊரைப் பற்றி பெரிதாகச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு அமெரிக்கக் குடும்பம் இங்கே எப்படிக் காலம் தள்ளுகிறது என்று கேட்டால், நான் எங்கும் போய் விசாரிக்க வேண்டியதில்லை. என் தலைக்கு மேலேயே ஒன்று குடியிருக்கிறது.

எங்கள் ஊர் சங்கதி உனக்குத் தெரியுமோ என்னவோ. ஊரின் ஜனத்தொகை 1 லட்சம்தான். சுற்றுவட்டாரத்தில் இருக்கிற அமெரிக்கர்கள், ராணுவக்காரர்களும் குடும்பமுமாகச் சேர்த்து, சுமார் 50,000 பேர். பக்கத்தில் ராம்ஸ்டைன் விமானப்படைத் தளம், அதற்கு அடுத்தாற்போல் லாண்ட்ஸ்டுல் ராணுவ மருத்துவமனை. அமெரிக்காவுக்கு வெளியே இவ்வளவு பெரிய அமெரிக்கக் குடியிருப்பு வேறு எங்கும் இல்லை என்பார்கள். ஊர்ப்பெயர் வாயில் நுழையாததால் அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கே-டவுன்'. நானும் வந்த புதிதில் ஆறு மாசம் திக்கித் திணறியவள்தான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

தளத்து வேலிக்குள் போய்விட்டால் அது வேறு தேசம். கடையில் டாலர் கொடுத்து வாங்கலாம். மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து ஓடும். ஒரு சென்ட் நாணயத்தை மட்டும் அந்தக் கடைகளில் வாங்க மாட்டார்கள், ஐந்து சென்டுக்கு முழுசாக்கிவிடுவார்கள். மூன்று வருஷப் பணிக்காலத்தை அந்த வேலிக்குள்ளேயே கழித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டாம். எங்கள் மேல்வீட்டுக்காரர்கள் அப்படியில்லை. 'ஜெர்மனிக்கு வந்துவிட்டு டெக்சாஸில் இருப்பதா?' என்று வெளியே வீடு தேடி வந்தவர்கள். அவர் விமான மெக்கானிக். அவள் பென்சில்வேனியாவில் லான்காஸ்டர் பக்கத்துப் பெண், நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்தவள். பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஐந்து. கீழே வீட்டுக்காரம்மா, நடுவில் நாங்கள், மேலே அவர்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது எனக்குத்தான் பொருந்தும்.

அவர்கள் வந்த முதல் வாரத்துக் கதையை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். அவளுடைய பாட்டி வீட்டுச் சமையலறையில் நாற்பது வருஷம் ஓடிய மின்சாரக் கடிகாரம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அதற்கென்று டிரான்ஸ்பார்மர் பெட்டி இருக்கிறது, அம்மிக்கல் கனம் கனக்கும். ஊர் திரும்புகிற குடும்பம் புதிதாக வருகிற குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகும். அப்படி வந்த பெட்டியில் கடிகாரத்தைச் சொருகி, இரவு 9 மணிக்கு முள்ளைச் சரியாகத் திருப்பி வைத்துவிட்டுப் படுத்தார்கள். காலையில் எழுந்து பார்த்தால் மணி 7. நிதானமாகக் காபி போட்டு, பையனை எழுப்பி, தலை வாரிக் கீழே இறங்கி வந்தால், நான் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கிறேன். உண்மையில் மணி 9. பள்ளிப் பேருந்து போய் எவ்வளவோ நேரமாகிவிட்டது. (போனில் அலாரம் வைக்கவில்லையா என்று கேட்காதே. பயணக் களைப்பில் இரண்டு போனும் சார்ஜ் இல்லாமல் கிடந்தனவாம்.)

காரணத்தை அவள் கணவரே சாயங்காலம் வந்து சொன்னார். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை இறக்கும், துடிப்பை மாற்றாது. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 முறை துடிக்கிறது, இங்கே 50. அந்தக் காலத்துக் கடிகாரம் துடிப்பை எண்ணித்தான் முள்ளை நகர்த்தும். ஆகவே மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கும், பன்னிரண்டு மணி நேரத்துக்கு இரண்டு மணி நேரம். "விமானத்தில் 400 ஹெர்ட்ஸ், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வீட்டில் கோட்டை விட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கடிகாரம் இப்போது ஓட்டமில்லாமல் சுவரில் தொங்குகிறது. பாட்டி ஞாபகத்துக்கு அது போதும் என்கிறாள்.

அடுத்த கூத்து ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. பாவம் என்று இரக்கப்பட்டு அந்த மெக்கானிக் ஒரு ஞாயிறு காலையில் புல்வெட்டும் மிஷினை எடுத்துத் தோட்டத்தில் ஓட்ட ஆரம்பித்துவிட்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. வீட்டுக்காரம்மா இரவு உடையோடு ஓடிவந்து கை இரண்டையும் விரித்து நிற்கிறார். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் ஞாயிறும் பண்டிகை நாளும் புல்வெட்டும் மிஷின் ஓட்டக் கூடாது, மற்ற நாளிலும் இரவு 8 முதல் காலை 7 வரை கூடாது. இங்கே இது சட்டம். உதவி செய்யப் போய்க் குற்றவாளியாக நின்ற அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தது நான்தான். பாளையங்கோட்டைக்காரி ஒருத்தி அமெரிக்கனுக்கு ஜெர்மானியச் சட்டம் சொல்லிக் கொடுக்கிறாள், பார்த்துக்கொள்.

ஞாயிறு கடையும் கிடையாது, காலிப் பாட்டிலைத் தெருமுனைக் கண்ணாடித் தொட்டியில் போடவும் கூடாது. குப்பைக்கு வருஷ நாட்காட்டி உண்டு, எந்தக் கிழமை எந்த நிறத் தொட்டி என்று. ஆனால் வருஷம் முழுக்க இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஊர், டிசம்பர் 31 இரவு தீபாவளியைத் தோற்கடிக்கிற மாதிரி வெடிக்கும். வெடி விற்பதே வருஷக் கடைசி மூன்று நாள்தான். அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4-க்கு வெடி தேடி ஏமாந்த மேல்வீட்டுப் பையன், அன்றைக்கு பால்கனியை விட்டு உள்ளே வரவே இல்லை.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். பெரியவன் தளத்துக்குள் இருக்கிற அமெரிக்கப் பள்ளியில் படிக்கிறான், அவனுக்கு எதுவும் மாறவில்லை. சின்னவளைத்தான் தெருமுனை ஜெர்மன் கிண்டர்கார்டனில் விட்டார்கள். எங்கள் மாநிலத்தில் இரண்டு வயதுக்கு மேல் அதற்குக் கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் காசு. அங்கே அமெரிக்காவில் அதற்கே ஒரு சம்பளம் போகும் என்று அவள் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். முதல் இரண்டு மாசம் குழந்தை வாய் திறக்கவில்லை. நவம்பர் 11, செயின்ட் மார்ட்டின் நாள், பிள்ளைகள் காகித விளக்குகளைக் கையில் பிடித்துப் பாடிக்கொண்டு தெருவில் வருவார்கள். எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று பாட்டை ஒரு சொல் பிசகாமல் பாடினாள். இப்போது வீட்டுக்காரம்மாவோடு பேசுவது சுத்த ஜெர்மன்கூட இல்லை, இந்தப் பக்கத்துக் கொச்சை. அம்மாக்காரிக்கு ஒரு எழுத்து புரியாது.

அந்தக் கொச்சைக்கும் அம்மாக்காரிக்கும் ஒரு சம்பந்தம் இருப்பது பிறகுதான் தெரிந்தது. தமிழ் வாத்தியாரம்மாவுக்கு இது பிடிக்கும், கேள். சந்தைக்கு வீட்டுக்காரம்மா, அவள், நான் மூவரும் போயிருந்தோம். வீட்டுக்காரம்மா உருளைக்கிழங்கைக் காட்டி "குரும்பேர" என்றார். நிலத்துப் பேரிக்காய் என்று அர்த்தம், பாடப்புத்தக ஜெர்மனில் வேறு சொல். மேல்வீட்டுப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். "என் பெரிய பாட்டி இப்படித்தான் சொல்லுவாள்." 1709 தொடங்கி, எங்கள் ஊர் இருக்கிற இந்த ஃபால்ஸ் வட்டாரத்திலிருந்து பஞ்சத்துக்கும் போருக்கும் தப்பிக் கப்பலேறிய குடியானவர்கள் பலர் போய்ச் சேர்ந்த இடம் பென்சில்வேனியா. அவர்கள் பேச்சு அங்கே இன்னும் சில கிராமங்களில் உயிரோடு இருக்கிறது. இங்கே வந்த புதிதில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் சாவியைத் 'திறப்பு' என்று சொல்ல, நான் வாசலிலேயே நின்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன் என்று எழுதியிருந்தேனே, அந்த நிற்பு. அன்று அவள் ஐந்து கிலோ உருளைக்கிழங்கு வாங்கினாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

எல்லாம் இப்படிச் சிரிப்பாகப் போகவில்லை. போன ஆகஸ்ட் 28 அன்று வீட்டுக்காரம்மா ஜன்னலில் மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார். யாருக்குப் பிறந்தநாள் என்று மேல்வீட்டுப் பெண் என்னிடம் கேட்டாள். 1988-இல் அந்தத் தேதியில்தான் ராம்ஸ்டைன் விமானக் கண்காட்சியில் மூன்று இத்தாலிய சாகச விமானங்கள் வானத்தில் மோதி, ஒன்று எரிந்துகொண்டே கூட்டத்துக்குள் விழுந்தது. பார்க்க வந்தவர்களில் 67 பேர், விமானிகள் 3 பேர், மொத்தம் 70 பேர் இறந்தார்கள். வீட்டுக்காரம்மா அன்று அந்தக் கூட்டத்தில் இருந்தவர், கூடப் போன தோழி திரும்பவில்லை. தினமும் கணவனை வேலைக்கு அனுப்புகிற இடம் அது. அவள் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் தோட்டத்துப் பூ நாலைப் பறித்துக் கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

சரி, உன் மகள் விஷயம். ராணுவக் குடும்பத்துக்கு இருக்கிற சலுகை எதுவும் அவளுக்கு இருக்காது. டாலர் கடை இல்லை, அலமாரி இரவல் தர அலுவலகம் இல்லை. வாடகை வீட்டில் பல இடத்தில் அடுப்பு, சிங்க், விளக்குகூட இருக்காது, வயர் மட்டும் கூரையிலிருந்து தொங்கும். பயப்பட வேண்டாம், முதலிலேயே கேட்டுக்கொள்ளட்டும். அவர்கள் இருவரும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாயிற்று என்றாயே. எங்கே வாழ்ந்தாலும் வருஷா வருஷம் அமெரிக்காவுக்கு வரிக்கணக்கு தாக்கல் செய்தே ஆக வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலருக்கு மேல் போனால் தனியாகத் தெரிவிக்க வேண்டும். 2010-இல் வந்த ஒரு சட்டத்தால் இங்கத்திய வங்கிகளும் அமெரிக்கர்களின் கணக்கு விவரத்தை அனுப்ப வேண்டியிருக்கிறது. அதனால் 'அமெரிக்கர்' என்றதும் முகம் சுளிக்கிற வங்கியும் உண்டு. கார் லைசென்ஸ் ஆறு மாசம் செல்லும். அதற்கப்புறம் பரீட்சை எழுத வேண்டுமா, சும்மா மாற்றித் தருவார்களா என்பது எந்த அமெரிக்க மாநிலத்து லைசென்ஸ் என்பதைப் பொறுத்தது. மாப்பிள்ளையை இப்போதே விசாரிக்கச் சொல்.

பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படாதே. மகளைப் பற்றிப் படு. மேல்வீட்டுப் பெண் முதல் குளிர்காலத்தில் ஒருநாள் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை, தபாலில் வந்த கடிதம் குப்பையைப் பற்றியதா, கோர்ட்டைப் பற்றியதா என்று தெரியவில்லை. "ஊரில் பிரசவ வார்டை ஒற்றை ஆளாகப் பார்த்தவள் நான். இங்கே ஒரு கடிதம் படிக்க மாடிப்படி இறங்கி வர வேண்டியிருக்கிறது" என்றாள். நமக்கு இது பழகிய வலி, நீயும் நானும் நெல்லையை விட்டு மெட்ராஸ் போனபோதே ஆரம்பித்தது. அவளுக்கு வெளியூர்க்காரியாக இருப்பதே அதுதான் முதல் தடவை. உன் மகள் டல்லாஸுக்குப் போனபோது இருபத்து நாலு வயது. இப்போது நாற்பது, எல்லாம் தெரிந்தவள் என்று பெயர் எடுத்த பிறகு மறுபடி முதல் வகுப்பு. அடிக்கடி போன் பண்ணு, அறிவுரை சொல்லாதே. அமெரிக்காவுக்கும் இங்கேயும் கடிகாரம் மாற்றுகிற தேதி வேறு வேறு. அக்டோபர் கடைசியில் ஒரு வாரம், மார்ச்சில் இரண்டு மூன்று வாரம், இடைவெளி ஒரு மணி நேரம் குறையும். அந்த வாரங்களில் மேல்வீட்டுக் குழந்தைகளின் பாட்டி அமெரிக்காவிலிருந்து வழக்கமான நேரத்துக்குப் போனில் கூப்பிட்டு, குழந்தைகள் இன்னும் வீடு திரும்பவில்லை என்று ஏமாந்துபோவாள். நீ இந்தியாவில்தான் இருக்கிறாய், ஆனாலும் குளிரில் நாலரை, கோடையில் மூன்றரை மணி நேரம் என்று எழுதி ஒட்டி வை.

இப்போது மேலே பந்துச் சத்தம் கேட்கிறது. ஞாயிறு மதியம், வீட்டுக்காரம்மா தூங்குகிற நேரம். இதோ, அம்மா அதட்டுகிற சத்தம், பந்து நின்றுவிட்டது.

இன்னொரு விஷயம். அவர்கள் வரும் ஜூனில் ஊர் திரும்புகிறார்கள். டிரான்ஸ்பார்மர் பெட்டிகள் மூன்று இருக்கின்றன. உன் மகளுக்கு வேண்டுமா என்று கேட்கச் சொன்னார், மிக்ஸியை டல்லாஸிலிருந்து கொண்டுவருவதாக இருந்தால் பெரியது ஆகும். நான் தூக்கிப் பார்த்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. வேண்டும் என்றால் இந்த மாதத்துக்குள் எழுது, இல்லாவிட்டால் தளத்தில் அடுத்து வருகிறவர்களுக்குப் போய்விடும்.

உன்
ரூம் நம்பர் 14