தரங்கம்பாடிக் கட்டுரையைப் படித்தேன்

அன்புள்ள அம்முவுக்கு,

நீ அனுப்பிய தரங்கம்பாடிக் கட்டுரையைப் படித்தேன். இதைப் பத்திரிகைக்கு எப்படி விற்பது, வேலையை விட்டுவிட்டு எழுத்தையே நம்பலாமா என்று கேட்டிருந்தாய். அப்பாவும் படித்தார். "நல்லா இருக்கே, இப்படியே அனுப்பச் சொல்லு" என்றார். நீ எழுதிய மளிகை லிஸ்ட்டைக் காட்டினாலும் அவர் அதைத்தான் சொல்வார். நான் வாரப் பத்திரிகை டெஸ்க்கில் உட்கார்ந்து, தபாலில் வரும் பயணக் கட்டுரைகளைப் பிரித்துப் படித்தே காலத்தைக் கழித்தவள். என் பதில் அவ்வளவு சுருக்கமாக இருக்காது.

நான்கு பத்தி தாண்டியும் நீ மாயவரம் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறாய். ரயில் லேட், டீ, ஜன்னல் சீட்டுக்கு நடந்த சண்டை எல்லாம் வந்தாயிற்று, தரங்கம்பாடியைத்தான் காணோம். எங்களுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். வீட்டைப் பூட்டுவதில் தொடங்கி வீட்டைத் திறப்பதில் முடியும். நாங்கள் முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டு இரண்டாவது பக்கத்திலிருந்து படிப்போம். அங்கேயும் ஊர் வரவில்லை என்றால் கட்டுரை திரும்பிப் போகும்.

ஊருக்குள் வந்த பிறகு இன்னொரு சிக்கல். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, புதிய எருசலேம் தேவாலயம், கடல் அரித்த மாசிலாமணி நாதர் கோயில், 2004 சுனாமி, 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றது என்று எதையும் விடாமல் எழுதியிருக்கிறாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. சுற்றுலாத் துறை துண்டுப் பிரசுரம் இலவசமாகத் தரும் சரக்கு இது, இதற்கு ஒரு பத்திரிகை ஏன் சன்மானம் தர வேண்டும்?

ஆனால் மூன்றாவது பக்கத்தில் சீகன்பால்குவின் அச்சகம் பற்றி இரண்டே வரி எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறாய். கட்டுரை அங்கேதான் இருக்கிறது, அம்மு. 1706-இல் வந்து இறங்கிய ஒரு ஜெர்மானியப் பாதிரியார், மணலில் உட்கார்ந்து அ, ஆ எழுதப் பழகும் சிறுவர்களோடு சேர்ந்து தமிழ் கற்கிறார். ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் தமிழ் எழுத்துகளை வார்த்துக் கப்பலில் அனுப்புகிறார்கள். வந்து சேர்ந்த எழுத்துகள் பெரிதாக இருக்கின்றன, காகிதத்தை விழுங்குகின்றன. சரி என்று இங்கேயே சின்ன எழுத்துகளை வார்க்கிறார்கள். அதற்கு இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் டப்பாக்களின் ஈய மூடியை உருக்கினார்கள் என்று ஒரு தகவல் உண்டு. காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலை. 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிகிறது. இதைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வா. அவர் அடக்கமாகியிருக்கும் தேவாலயம், தெரு, பொறையாறு எல்லாம் தானாக வரும். கோட்டைக்கு ஒரு வரி போதும்.

அந்த இரண்டு வரியிலும் ஒரு தப்பு இருக்கிறது. "இந்தியாவின் முதல் அச்சகம்" என்று போட்டிருக்கிறாய். இணையத்தில் யாரோ எழுதியதை எடுத்திருப்பாய். கோவாவில் 1556-லேயே அச்சு இயந்திரம் வந்துவிட்டது. தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கம் என்ற நூல் கொல்லத்தில் அச்சானது 1578-இல். இந்த ஒரு வரிக்காகவே வாசகர் கடிதம் வந்து குவியும், அடுத்த முறை உன் பெயரைப் பார்த்ததும் ஆசிரியர் மூடி வைத்துவிடுவார். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறதே, ஒரு முழுநாள் அங்கே போய் உட்கார். படித்த இடத்தையும் பக்க எண்ணையும் நோட்டில் குறித்து வை. கட்டுரையில் அது வர வேண்டாம், ஆசிரியர் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்.

விற்பதைப் பற்றிக் கேட்டாய். இனி முழுக் கட்டுரையை எழுதி அனுப்பாதே. முதலில் ஒரு மெயில். எதைப் பற்றி, ஏன் இப்போது, எத்தனை வார்த்தை, படங்கள் உண்டா, எப்போது தருவாய். அவ்வளவுதான். "சிறு வயதிலிருந்தே எனக்குப் பயணம் பிடிக்கும்" என்று தொடங்கும் மெயிலை யாரும் இரண்டாவது வரிக்குப் படிப்பதில்லை. "ஏன் இப்போது" என்பதற்குக் காலண்டரைப் பார். தீபாவளி மலருக்கு ஆவணிக்குள் மேட்டர் போயிருக்க வேண்டும், ஐப்பசியில் அனுப்பினால் மலர் கடையில் தொங்கிக்கொண்டிருக்கும். கோடை விடுமுறைக் கட்டுரையை மாசியிலேயே பேசி முடி. சீகன்பால்கு வந்திறங்கியது ஜூலை மாதம். அதைப் பிடித்துக்கொள்ள நினைத்தால் ஏப்ரலில் எழுது.

படங்கள் பரவாயில்லை. ஆனால் எல்லாமே அகலவாட்டில் இருக்கின்றன. முழுப் பக்கத்துக்கு உயரவாட்டில் நாலைந்து வேண்டும், மனிதர்கள் இருக்க வேண்டும், நீ இருக்கக் கூடாது. கோட்டை அருங்காட்சியகம் என்றைக்கு விடுமுறை, டிக்கெட் எவ்வளவு, கடைசி பஸ் எப்போது என்பதை ஒரு பாக்ஸில் தனியாகக் கொடு. போன் பண்ணிச் சரிபார்த்துவிட்டுக் கொடு.

அப்புறம் உரிமை. இதைப் பொறுமையாகப் படி, உன் தலைமுறை இதில்தான் ஏமாறுகிறது. வெளியிலிருந்து எழுதுகிறவளின் கட்டுரைக்குச் சொந்தக்காரி எழுதியவளே. ஒரு முறை வெளியிட அனுமதிப்பதும் உரிமையையே எழுதிக் கொடுப்பதும், வீட்டை வாடகைக்கு விடுவதும் கிரயம் செய்வதும் போல வேறு வேறு. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்று கணக்கு, எந்த இடத்துக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் "எல்லா உரிமையும், எல்லா வடிவிலும், என்றென்றைக்கும்" என்று வரும் தாளில் முதல் கட்டுரை வரப்போகிற சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நீ "முதல் வெளியீட்டு உரிமை மட்டும்" என்று மெயிலிலேயே எழுது. மறுத்தால் தொகையை உயர்த்தச் சொல். அதற்கும் மறுத்தால் வேறு இடம் பார்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழில் ஒரு கட்டுரைக்கு வரும் சன்மானம் பல சமயம் உன் பஸ், ரூம் செலவுக்கே காணாது. ஒரே பயணத்திலிருந்து மூன்று நான்கு கட்டுரை எடுத்தால்தான் கட்டுப்படியாகும். அச்சகக் கதை தமிழ் வார இதழுக்கு. சீஸ் டப்பா ஈயத்தை மட்டும் எடுத்தால் சிறுவர் பத்திரிகைக்கு. ஆங்கிலத்தில் எழுதும்போது டேனிஷ் வணிகம் பக்கம் திருப்பு, அங்கே வாசகர் வேறு. உரிமையை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த வழி அடைபட்டுப்போகும். ஆகவே, வேலையை இப்போது விட வேண்டாம். சனி, ஞாயிறில் போ, எழுது, ஒரு வருடக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசலாம். பணம் தரும்போது 10 சதவீதம் வரி பிடித்தால் அது உன் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

ரிசார்ட்காரர் இலவச ரூம் தருகிறார் என்று எழுதியிருந்தாயே. எனக்கு அதில் விருப்பமில்லை. போவதானால் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல், கட்டுரையிலும் சொல். கரப்பான் பூச்சி இருந்தால் எழுத முடியுமா என்று உன்னையே கேட்டுப் பார்.

ஏ. கே. செட்டியாரைப் படி. 1930-களிலேயே உலகம் சுற்றியவர், 1940-இல் காந்தி பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்டவர், பிறகு குமரி மலர் இதழை நடத்தியவர். அவ்வளவு சுற்றியும் அவர் எழுத்தில் அவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பார்த்தது, கேட்டது, விலை என்ன, யார் என்ன சொன்னார் என்று போய்க்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. மாயவரத்திலிருந்து செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடிக்கு ஒரு ரயில் ஓடி, 1980-களில் நின்றுபோனது. அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை, ஆனால் அதுவும் தனியாக ஒரு கட்டுரை. பொறையாற்றுப் பெரியப்பா அந்த ரயிலில்தான் காலேஜுக்குப் போய் வந்தார். ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சொல்வார். காலை பத்து மணிக்குள் கூப்பிடு, மதியம் தூங்கிவிடுவார். போனை ரெக்கார்டில் போடுவதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா