மாத்திரையை ஏன் நிறுத்துகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

அளவுமீறிய உற்சாகமும் கடும் மனச்சோர்வும் மாறி மாறி வரும், பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோய் உள்ள என் தங்கை, "எனக்குத்தான் சரியாயிடுச்சே" என்று லித்தியம் மாத்திரையை நிறுத்தினாள். அவள் நன்றாக இருந்ததே அந்த மாத்திரையால்தான் என்பது எங்களுக்கும் உறைக்கவில்லை. சில வாரங்களில் தூக்கம் போயிற்று. விடிய விடியப் பேசினாள்.

பிறகுதான் தெரிந்தது, மாத்திரை போட்ட நாட்களிலேயே அதன் பக்கவிளைவுகள் அவளைப் படுத்தியிருக்கின்றன. தண்ணீர் டம்ளரைப் பிடித்தால் விரல் நடுங்குமாம், ஓயாத தாகம், எடையும் ஏறியிருந்தது. மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறாள், பாவம். சொல்லியிருந்தால் ரத்தத்தில் லித்தியம் அளவைப் பார்த்து மருந்தைக் குறைத்திருக்கலாம், மாற்றியும் இருக்கலாம். திடீரென நிறுத்தினால் பித்துநிலை எனும் அந்த அளவுமீறிய உற்சாகம் சீக்கிரமே திரும்பக்கூடும்.

வீட்டில் இருப்பவர்களே, "மாத்திரை போட்டியா?" என்று அதட்டாதீர்கள். "போட்டால் உடம்புக்கு என்ன செய்கிறது?" என்று கேளுங்கள். மருத்துவர்களும் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்க வேண்டும்.

– ஒரு வாசகி