மரத்தை வெட்டினால் வாழும் பறவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வட அமெரிக்கப் பறவைகள் பற்றி வந்த கட்டுரையில் காட்டுக்கோழி போன்ற ரஃப்டு கிரௌஸ் பறவைக்கும் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தது மகிழ்ச்சி. ஆனால் 'மரம் வெட்டுவதால் அழிந்துவரும் பறவை' என்று எழுதியிருந்ததைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. நான் மினசோட்டாவில் டுலூத் பக்கம் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே கதை கிட்டத்தட்ட தலைகீழ்.

இந்தப் பறவையின் வாழ்க்கை ஆஸ்பென் மரத்தோடு பின்னிக் கிடக்கிறது. ஆஸ்பெனுக்கு வெயில் வேண்டும். வெட்டினாலோ தீப்பிடித்தாலோ வாழை கன்று விடுவதுபோல வேரிலிருந்து நெருக்கமாகத் துளிர்த்து வரும். அப்படியே விட்டுவிட்டால் வேறு மரங்கள் நிழல் கட்டி அதை ஓரங்கட்டிவிடும். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள குளோக்கே காட்டாய்வு நிலையத்தில் கார்டன் கல்லியன் என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகள் இந்தப் பறவையின் பின்னாலேயே நடந்தவர். குஞ்சுகள் பூச்சி பொறுக்க இளங்கன்றுக் காடு, பருந்துக்கும் ஆந்தைக்கும் மறைய அடர்ந்த நடுவயதுக் காடு, பனிக்காலத்தில் பூமொட்டுத் தின்ன முதிர்ந்த ஆண் மரங்கள், மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும் என்று காட்டியவர் அவர். அதனால்தான் இங்கே சிறு சிறு துண்டாக வெட்டுகிறார்கள். வெட்டச் சொல்பவர்களில் வேட்டைக்காரர்களும் உண்டு; அவர்கள் கணக்கு அவர்களுக்கு. எல்லாக் காட்டையும் வெட்டலாம் என்று நான் சொல்லவில்லை, முதிர்ந்த காட்டையே நம்பியிருக்கும் பறவைகளும் இருக்கின்றன. ஆனால் இதையே மாநிலப் பறவையாகக் கொண்ட பென்சில்வேனியாவில் எண்ணிக்கை சரிந்ததற்கு, காடு முதிர்ந்துபோனதை ஒரு காரணமாகவும் கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸை இன்னொன்றாகவும் சொல்கிறார்கள்.

அப்புறம், சேவல் 'மரக்கட்டையைச் சிறகால் அடித்து முரசு கொட்டுகிறது' என்றிருந்ததே, அதுவும் பழைய நம்பிக்கை. கட்டை வெறும் மேடை. அதன்மேல் நின்று சிறகால் காற்றைத்தான் அடிக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஆலன் அந்தக் காலத்திலேயே படம்பிடித்து, எதை அடிக்கிறது என்ற சண்டையைத் தீர்த்துவைத்துவிட்டார். முதலில் விட்டுவிட்டு நாலைந்து அடி, பிறகு வேகம் கூடி, பத்து நொடிக்குள் ஐம்பது அடி வரை போய் நிற்கும். வந்த புதிதில் ஒரு ஏப்ரல் விடிகாலையில் கேட்டபோது, யாரோ தூரத்தில் டீசல் பம்ப்செட்டைச் சுற்றிவிட்டுக் கிளப்பப் பார்க்கிறார்கள், அது பிடிக்காமல் அடங்குகிறது என்றே நினைத்தேன். 40 ஹெர்ட்ஸ் அளவிலான மிகத் தாழ்ந்த ஓசை, காதைவிட நெஞ்சில்தான் முதலில் தெரியும். 1949 முதல் மினசோட்டாவில் வசந்தந்தோறும் இந்தச் சத்தத்தை எண்ணித்தான் பறவைகளின் ஏற்ற இறக்கத்தைக் கணிக்கிறார்கள். சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை ஏறும், இறங்கும். இறங்கிய ஓர் ஆண்டை மட்டும் பார்த்துவிட்டு அழிகிறது என்று எழுதிவிடலாகாது.

பனிக்காலத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. இலையுதிர் காலத்தில் இதன் விரல்களின் இருபுறமும் சீப்புப் பற்கள்போல முளைத்து, பனியில் நடக்க உதவி, வசந்தத்தில் உதிர்ந்துவிடும். பொதபொதவென்று பனி கிடந்தால் பறந்துவந்து அப்படியே உள்ளே குதித்துப் புதைந்து தூங்கும். மேலே ஒரு சிறு குழிதான் தெரியும். ஒருமுறை என் காலடியிலிருந்து பனி வெடித்ததுபோல ஒன்று கிளம்பியதில் நான் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டேன். மழை பெய்து பனியின் மேற்பரப்பு ஓடுபோல இறுகிவிட்டால் இந்தப் படுக்கை கிடைக்காது, குளிரில் திண்டாட வேண்டியதுதான்.

கடைசியாக, நீங்கள் வெளியிட்ட படத்தில் கழுத்தின் இருபுறமும் ஆரஞ்சுப் பை உப்பியிருக்கிறதே, அது பிரெய்ரி சிக்கன், திறந்த புல்வெளிப் பறவை. ரஃப்டு கிரௌஸ் சிலிர்ப்பது கழுத்தைச் சுற்றியுள்ள கறுப்பு இறகுகளை. அடுத்த இதழில் திருத்தம் போடும்போது சரியான படத்தையும் போட்டுவிடுங்கள்.

ஒரு வாசகி,
டுலூத், மினசோட்டா