பள்ளி அறிவிப்புகள் மலைக் கிராமங்களுக்கு உரிய காலத்தில் வந்து சேர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு வட்டத்தில் கிராம அஞ்சல் ஊழியராக 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். என் பேத்தி இம்மலையில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். தேர்வுகள், உதவித்தொகைகள், கூட்டங்கள், சான்றிதழ்கள் பற்றிய பள்ளி அறிவிப்புகள் சேர்வராயன் மலைக் கிராமங்களில் உள்ள பெற்றோருக்கு உரிய காலத்தில் கிடைப்பதில்லை. அதைப் பள்ளிக்கல்வித் துறையின் கவனத்துக்குக் கொண்டுசெல்லவே தங்கள் நாளிதழுக்கு இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்ததையே முதலில் சொல்கிறேன். கடந்த ஆண்டு பேத்தி எட்டாம் வகுப்பில் இருந்தாள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிக்கும் மாணவர்களுக்காக, ஆசிரியர்களும் பிள்ளைகளும் என்.எம்.எம்.எஸ். என்று சொல்லும் தேசிய வருவாய் வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு ஆண்டுதோறும் நடக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ.3,50,000-க்கு மேற்படாத பிள்ளைகள் இதை எழுதலாம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் ரூ.1,000 வீதம் நான்கு ஆண்டுகளில் ரூ.48,000 கிடைக்கும். கூலி வேலை செய்யும் ஒரு குடும்பத்துக்கு இது ஒரு பெண் பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கவலையில்லாமல் படிக்க வைக்கக்கூடிய தொகை. எங்கள் பேத்தி கணக்கில் நன்றாகத் தேறுபவள். ஏழாம் வகுப்பிலிருந்தே இந்தத் தேர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள்.

விண்ணப்பம் பற்றிய செய்தி ஒரு வியாழக்கிழமை மாலையில் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடப்பட்டது. திங்கட்கிழமைக்குள் விவரங்களைக் கொடுத்துக் கையெழுத்திட வேண்டும் என்று அதில் இருந்தது. அது காப்பிப் பழம் பறிக்கும் காலம். என் மகள் விடியும் முன் தோட்டத்துக்குப் போய், மாலையில் பழம் எடை போட்டு முடிந்த பிறகுதான் வீடு திரும்புவாள். எங்கள் ஊருக்குள் கைப்பேசிக்கு டவர் கிடைக்காது. பேருந்து நிற்கும் இடத்துக்கு மேலே உள்ள பாறையில் ஏறினால்தான் கிடைக்கும். வெள்ளிக்கிழமை பேத்திக்குக் காய்ச்சல், பள்ளிக்குப் போகவில்லை. வகுப்பில் ஆசிரியர் சொன்னதும் அவள் காதுக்கு எட்டவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை மகள் ரேஷன் கடைக்குப் போகும் வழியில் அந்தப் பாறையருகே நின்றபோதுதான் ஐந்து நாள் செய்திகளும் ஒன்றாக வந்து விழுந்தன. அதற்குள் இணையத்தில் பெயர் பதிவதற்கான காலம் முடிந்துவிட்டது. வகுப்பாசிரியை எங்களைவிட அதிகமாக வருந்தினார். அவர் செய்தியைப் போட்டார், வகுப்பிலும் சொன்னார். அவருடைய கடமையில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. அஞ்சல் துறையில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதத்தை அனுப்பியதோடு எங்கள் வேலை முடிந்ததில்லை. ஒப்புகை அட்டை இணைத்த பதிவுத் தபாலாக இருந்தால், பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தோடு அந்த அட்டை திரும்பி வந்த பிறகுதான் அது சேர்ந்ததாகக் கணக்கு வைத்தோம்.

சேலம் நகரத்தில் உள்ளவர்களுக்கு இது சிறிய குறையாகத் தோன்றலாம். மலையில் அப்படியில்லை; பள்ளி ஆண்டின் முக்கியமான தேதிகள் எல்லாம் எங்கள் வேலைக் காலத்தோடு மோதுகின்றன. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பு நவம்பரில் சூடுபிடித்துப் பிப்ரவரி வரை போகும். அரையாண்டுத் தேர்வு, என்.எம்.எம்.எஸ். விண்ணப்பமும் தேர்வும், பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் சரிபார்ப்பு, செய்முறைத் தேர்வு எல்லாமே அந்த நான்கு மாதங்களை ஒட்டித்தான் வருகின்றன. அது முடிந்து மே மாதம் வந்தால் பத்தாம் வகுப்பு முடிவுகளும் பிளஸ் ஒன் சேர்க்கையும் தொடங்கும்போது இங்கே கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் நடந்துகொண்டிருக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். கீழே போய் ஒரு சான்றிதழ் வாங்கி வருவதென்றால் ஒரு நாள் முழுவதும் போய்விடும், அன்றைய கூலியும் போய்விடும். இரண்டு நாள் அவகாசம் தந்து ஓர் ஆவணத்தைக் கேட்பது, மலையில் இருப்பவரிடம் கேட்காமல் இருப்பதற்குச் சமம்.

சான்றிதழ்களைப் பற்றிக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இம்மலையில் பெரும்பான்மையோர் ‘மலையாளி’ என்று அழைக்கப்படும் மலைவாழ் பழங்குடியினர். பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிவிட முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர்தான் வழங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விசாரணை முடிந்து, கைக்கு வர நாளாகும். சில உதவித்தொகைகளுக்கு வருமானச் சான்றும் வேண்டும். ஜூன் மாதத்திலேயே “இந்த ஆண்டு எட்டாம், ஒன்பதாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னின்ன சான்றுகள் தேவைப்படும், இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்” என்று ஒரே ஒரு வரி பெற்றோருக்கு வந்திருந்தால், பின்னால் வரும் அலைச்சலில் பாதி குறைந்திருக்கும்.

பள்ளிகளில் அறிவிப்புப் பலகை இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். தாழ்வாரத்தில், தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்தில், பச்சை வண்ணம் அடித்த பலகை. கண்ணாடிக் கதவின் ஒரு பக்கத்துக் கீல் கழன்றிருக்கிறது. இங்கே பனிமூட்டம் தாழ்வாரத்துக்குள்ளேயே வரும். ஒட்டிய தாளின் ஓரங்கள் இரண்டே நாளில் சுருண்டுகொள்ளும். கையால் எழுதியது என்றால் மை ஊறிப் பரவிவிடும். அன்று பலகையில் இருந்த ஐந்து தாள்களில் இரண்டில் தேதியைப் படிக்க முடியவில்லை. ஒன்று சென்ற ஆண்டினுடையது. எப்படியிருந்தாலும் அந்தப் பலகையைப் பார்க்கப் பெற்றோர் பள்ளிக்குள் வர வேண்டும். கூப்பிட்டால் மட்டுமே பள்ளிக்கு வருவது என்பதுதான் எங்கள் ஊர்களில் வழக்கம்.

அறிவிப்பின் மொழியும் ஒரு தடைதான். மேலதிகாரியிடமிருந்து வந்த சுற்றறிக்கையை அப்படியே படம்பிடித்துக் குழுவில் போட்டுவிடுகிறார்கள். ‘ந.க.எண்’ என்று தொடங்கி, ‘பார்வையில் காணும் செயல்முறைகளின்படி’ என்று போய், நான்காவது பத்தியில்தான் கடைசித் தேதி இருக்கும். அலுவலகங்களுக்குள் அந்த நடை தேவை. நானும் அதில் பழகியவன்தான். ஆனால் ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒரு தாய் அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் கைப்பேசியின் திரை அணைந்துவிடும். எங்களுக்கு வேண்டியது இந்த அளவுதான்: “எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. பெற்றோர் வரும் 20ஆம் தேதிக்குள் பள்ளிக்கு வந்து கையெழுத்திட வேண்டும். ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் கொண்டு வரவும். வர முடியாதவர்கள் வகுப்பாசிரியரிடம் சொல்லி அனுப்பவும்.”

பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலில் நேரும் பிழை இதைவிடப் பெரிய துன்பம் தருகிறது. பொதுத்தேர்வுக்கு முன் ஒவ்வொரு பிள்ளையின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சரிபார்க்கும் நாள் ஒன்று வரும். அந்தத் தாளில் உள்ளதுதான் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். அதுதான் பிற்பாடு கல்லூரிக்கும் வேலைக்கும் ஆதாரம். எங்கள் ஊரில் ஒரு பையனுக்குத் தந்தையின் பெயரில் ஓர் எழுத்து மாறிப்போயிற்று. சரிபார்க்கும் நாள் பெற்றோருக்குத் தெரியவில்லை. பையன் தானே பார்த்துச் சரி என்று கையெழுத்திட்டுவிட்டான். சான்றிதழ் வந்த பிறகு அதைத் திருத்தப் பள்ளி, சேலம் கல்வி அலுவலகம், சென்னை அரசுத் தேர்வுகள் இயக்ககம் என்று கோப்பு போய் வர, அவன் தந்தை எத்தனை நாள் கூலியை இழந்தார் என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். ஒரே ஓர் எழுத்து. அவர் அன்று பள்ளிக்கு வந்திருந்தால் ஒரு நிமிடத்தில் சுட்டிக்காட்டியிருப்பார், ஏனென்றால் அது அவருடைய பெயர்.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியும் ஒரு சொல். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் கூட்டம் நாளை மதியம் என்று இன்று மாலை சொன்னால், தோட்ட வேலைக்குப் போகும் பெண்களில் யார் வர முடியும்? மாதக் கூட்டத்தின் தேதியை முந்தைய கூட்டத்திலேயே முடிவு செய்து, பறிப்புக் காலத்தில் மட்டுமாவது மாலையிலோ விடுமுறை நாளிலோ நடத்தினால், நாற்காலிகள் இப்போதுபோல் காலியாக இருக்கமாட்டா.

பள்ளிக்கல்வித் துறையிடமும் தலைமையாசிரியர்களிடமும் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். மாதத்தின் முதல் வாரத்தில், அந்த மாதத்திலும் அடுத்த மாதத்திலும் வரவிருக்கும் தேதிகளை ஒரே தாளில், பெரிய எழுத்தில், பேச்சுக்கு நெருங்கிய தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுத்தனுப்ப வேண்டும். தாளின் அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு துண்டு இருக்கட்டும். அது கிழித்துத் திரும்ப வரட்டும். துண்டு வராத வீடுகள் எவை என்று வகுப்பாசிரியருக்கு உடனே தெரிந்துவிடும். அதே தாளின் படிகளை ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம், பேருந்து நிழற்குடை, தோட்டத்தில் காலையில் ஆட்கள் பேர் கொடுக்கும் இடம் ஆகியவற்றில் பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டலாம். வாட்ஸ்அப் குழுவும் இருக்கட்டும். செய்தியை எழுத்தாகப் போடும்போது, ஆசிரியர் அதைத் தம் குரலிலும் அரை நிமிடம் பதிந்து போட்டால் படிக்கத் தெரியாத பாட்டிகளும் கேட்டுக்கொள்வார்கள். மேலிடத்திலிருந்து வரும் உத்தரவே சில சமயம் தாமதமாகத்தான் பள்ளிக்கு வருகிறது என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அது உண்மையானால், மலைப் பகுதிப் பள்ளிகளுக்கு மட்டுமாவது விண்ணப்பக் காலத்தைக் கூடுதலாகத் தருவதைத் துறை பரிசீலிக்க வேண்டும். எழுத்தர் இல்லாத பள்ளிகளில் இதுவும் ஆசிரியர் தலையில் விழுமே என்ற கவலை எனக்கும் உண்டு. அங்கே தாளை எழுதிக் கொடுக்கவும் படியெடுத்து வரவும் மேலாண்மைக் குழுவில் உள்ள முன்னாள் மாணவர்களைக் கேட்கலாம், கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

பேத்தி இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு எழுதலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் 50 மாணவர்களும் 50 மாணவியரும் அதில் உதவித்தொகைக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பதினோராம் வகுப்புக்குப் போனால் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது. தமிழகம் முழுவதும் 1,500 பேருக்கு மாதம் ரூ.1,500 வீதம் இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கும், அதில் பாதி இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கே உரியவை. இவற்றையெல்லாம் நாங்கள் இப்போது கேட்டுத் தெரிந்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். ஒரு முறை தவறவிட்டதால் எங்களுக்கு வந்த எச்சரிக்கை இது. எங்கள் ஊருக்கு மேலே உள்ள இரண்டு குக்கிராமங்களில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் ஏழு பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீடுகளில் அப்படி ஒரு நோட்டு இல்லை.

நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கிவிடும். அக்டோபர் முடிவதற்குள் முதல் தாளைப் பள்ளி அச்சிட்டுக் கொடுத்தால், அந்த இரண்டு ஊர்களுக்கும் கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுத்து, கையெழுத்து வாங்கி வரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். அந்த வழியில்தான் நான் 34 ஆண்டுகள் நடந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம அஞ்சல் ஊழியர்,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.