மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு பழைய தெரு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தாத்தா கட்டிய வீட்டைத் தை பிறந்ததும் இடிப்பதற்குச் சகோதரர்கள் எல்லோரும் சம்மதித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்தத் திண்ணையில் நாம் பேசித் தீர்த்த இரவுகளை நினைத்து, பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. சென்ற சனிக்கிழமை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் நகருக்குச் சென்று, ஸ்ட்ராபெரி பேங்க் அருங்காட்சியகத்தின் மெழுகுவர்த்தி உலாவைப் பார்த்து வந்த பிறகே எழுத உட்கார்ந்தேன்.

1630-இல் அங்கே குடியேறிய ஆங்கிலேயர், ஆற்றங்கரையில் படர்ந்திருந்த காட்டு ஸ்ட்ராபெரிகளைக் கண்டு வைத்த பெயர்தான் ஸ்ட்ராபெரி பேங்க்; பேங்க் என்பது இங்கே ஆற்றின் கரை. 1653-இல் ஊர் போர்ட்ஸ்மவுத் ஆயிற்று. கடந்த நூற்றாண்டின் நடுவில் அந்தப் பழைய குடியிருப்பை இடித்துத் தள்ளும் பேச்சு எழுந்தபோது, டாரத்தி வான் என்ற நகர நூலகர் 1957-இல் ஆற்றிய உரை ஊராரைத் தட்டி எழுப்பியது. 1965-இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. வீடுகளில் பெரும்பாலானவை கட்டிய இடத்திலேயே இன்றும் நிற்கின்றன என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

டிசம்பர் மாத வார இறுதி மாலைகளில் சந்துகளின் இருபுறமும் லாந்தர்களில் மெழுகுவர்த்திகள் எரிகின்றன. வீட்டுக்கு வீடு காலம் மாறுகிறது. ட்ரிஸ்கோ வீட்டின் ஒரு பாதி 1790-களின் கடை, மறுபாதி 1950-களின் குடித்தனம். நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். பகலில் முன்பொரு முறை அங்கே போயிருக்கிறேன். தாழ்ந்த கூரையும் சின்னஞ்சிறு அறைகளும் அன்று நெருக்கடியாகத் தோன்றின. இரவில், ஒற்றைச் சுடரின் ஒளி எட்டும் தூரமே அறையின் அளவாக இருப்பதைக் கண்டபோது, அந்த வீட்டைக் கட்டியவரின் கணக்குப் புரிந்தது.

ஆளுநர் குட்வினின் மாளிகையில் அலங்காரம் மிகுதி. அங்கே நான் அதிக நேரம் நிற்கவில்லை. உக்ரைனிலிருந்து வந்து குடியேறிய ஷபிரோ என்ற யூதக் குடும்பத்தின் வீட்டில்தான் கால்கள் நின்றுவிட்டன. அதை 1919-இல் இருந்தவாறு வைத்திருக்கிறார்கள். ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் கொண்டாடும் குளிர்காலத்தில், அந்தச் சமையலறையில் யூதர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவின் விளக்கு. பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் தங்கள் பண்டிகையை அடுப்படியில் காப்பாற்றி வைத்திருந்ததைப் பார்த்தபோது, கார்த்திகையன்று இங்கே எங்கள் சன்னல் ஓரத்தில் நான் ஏற்றிய அகல் நினைவுக்கு வந்து, கண் கலங்கிவிட்டது.

வீட்டை இடிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பராமரிக்கும் பாரம் உங்களுடையது. ஆனால் அதற்கு முன் ஒரே ஒரு மாலை, மின்விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, முற்றத்திலும் மாடங்களிலும் திண்ணையிலும் அகல் ஏற்றி, அந்த வெளிச்சத்தில் வீட்டை ஒரு முறை சுற்றி வாருங்கள். பேரப்பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். எந்த அறை எப்படி இருந்தது என்று எனக்கு விரிவாக எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்