கடிகாரம் கட்டிவிட்டால் தூங்கிவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மறதி நோய் உள்ளவர்களுக்கான பாதுகாப்புக் கருவிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். இருப்பிடம் காட்டும் கைக்கடிகாரத்தைக் கட்டிவிட்டால் வீட்டார் கவலையில்லாமல் தூங்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரி மனதை மிகவும் புண்படுத்தியது. நள்ளிரவில் யாராவது ஒருவரை எழுப்புவதற்காகத்தானே அந்தக் கருவியை வாங்குகிறோம்? எழுந்து ஓட ஆள் இல்லாத வீட்டில் அதனால் என்ன பயன்?

இந்தக் கருவிகளைப் பொருத்திப் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் நான். கடிகாரம் எங்கெங்கே கைவிடும் என்பது தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஜிபிஎஸ் சிக்னல் கான்கிரீட் கூரைக்குள் ஒழுங்காக வராது. அப்போது பக்கத்து வைஃபையையும் செல்போன் கோபுரத்தையும் வைத்து அது இடத்தைக் கணக்கிடும். வரைபடத்தில் புள்ளி எங்கோ தள்ளி விழும். நிமிடத்துக்கு ஒருமுறை இடம் சொல்லும்படி வைத்தால் பேட்டரி வேகமாகத் தீரும். அரை மணிக்கு ஒருமுறை என்று வைத்தால், அடுத்த தகவல் வருவதற்குள் சாதாரணமாக நடப்பவரே 2 கிலோமீட்டர் போயிருப்பார். தாண்டினால் அலாரம் அடிக்கும்படி வீட்டைச் சுற்றி 50 மீட்டருக்கு எல்லை போட்டால், ஆள் கட்டிலில் படுத்திருக்கும்போதே புள்ளி மட்டும் நகர்ந்து அலாரம் அடிக்கும். நாலைந்து பொய் அலாரத்துக்குப் பிறகு வீட்டார் அறிவிப்பையே அணைத்துவிடுகிறார்கள். எல்லையைப் பெரிதாக வையுங்கள், கதவு திறந்தால் சொல்லும் காந்த சென்சாரை வாசலுக்குத் தனியாகப் போடுங்கள் என்று சொல்ல இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரிக்குக் கட்டுரையில் இடம் இல்லாமல் போய்விட்டது. 2ஜி மட்டுமே பிடிக்கும் மலிவுக் கடிகாரங்கள், 2ஜி சேவை நிறுத்தப்பட்ட நாடுகளில் சிம் போட்டாலும் பேசாது என்பதும் விட்டுப்போனது.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் நோயாளி கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுவார். கடிகாரமே கட்டிப் பழகாதவர், புதிதாகக் கையில் இருப்பதைத் தன்னுடையது என்று எப்படி நினைப்பார்? அவர் எதை எடுக்காமல் வெளியே போகமாட்டாரோ அதில்தான் கருவி இருக்க வேண்டும்: பழைய பை, பெல்ட், செருப்பு. சாவி தேடும் சிறு வில்லைகளே போதும் என்றும் கட்டுரை சொல்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஜிபிஎஸ் கிடையாது. பக்கத்தில் யாருடைய செல்போனாவது கடந்து போனால்தான் இடம் தெரியும். ஆள் நடமாட்டமில்லாத வயல்வெளியிலோ குளக்கரையிலோ அதை நம்பக் கூடாது.

முதல் தடவை என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். இதற்கு முன்பும், விழுந்தால் அழுத்தக் கழுத்தில் தொங்கவிடும் பொத்தானைப் பரிந்துரைத்தீர்கள். விழுந்தவருக்கு அப்படியொரு பொத்தான் இருப்பது நினைவுக்கு வர வேண்டுமே! விழுவதைத் தானாகக் கண்டுபிடிக்கும் கருவியும் சட்டென்ற அதிர்வைத்தான் பார்க்கிறது. சுவரில் சாய்ந்து மெல்லச் சரிந்தவரை அது தவறவிடும். கட்டிலடியில் போடும், கால் வைத்தால் ஒலிக்கும் அலாரம் விரிப்புக்குக் கறுப்பு நிறத்தில் படம் போட்டிருந்தீர்கள். நோய் முற்றியவர் கண்ணுக்குக் கறுப்பு விரிப்பு குழியாகத் தெரியலாம். அதைத் தாண்டப் போய் விழுவார். தரையின் நிறத்தில், ஓரம் தூக்காமல் ஒட்டிக் கிடக்கும் விரிப்பு வேண்டும். அதைவிட, ஆள் எழுந்துபோனதை அறிய மெத்தைக்கு அடியில் வைக்கும் சென்சார் நல்லது. கழிவறைக்குப் போய்வர அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலில் பார்த்து, அதைவிடச் சில நிமிடம் கழித்தே அலாரம் அடிக்கும்படி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்க எழும்போதும் வீடே விழித்துக்கொள்ளும்.

எண் அழுத்தித் திறக்கும் பூட்டைப் புகழ்ந்து எழுதியதையும் மறக்க முடியவில்லை. தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் எந்த எண்ணை நினைவில் வைத்துத் திறப்பார்? அவரைத் தனியாக உள்ளே வைத்துப் பூட்டக் கூடாது என்று ஒரு வார்த்தை இல்லை.

பிரிட்டனில் மறதி நோய் உள்ள 495 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2021-இல் வெளியானது. முழுக் கருவித் தொகுப்பு பெற்றவர்கள், அடிப்படைக் கருவிகள் மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதல் காலம் சொந்த வீட்டில் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. உங்களைப் போன்ற பத்திரிகைக்கு இது தெரியாத செய்தியாக இருக்க முடியாது. கருவிகள் வீண் என்று நான் சொல்லவில்லை. அதுதான் என் பிழைப்பு. ஆனால் எதை வாங்கலாம் என்று மட்டும் எழுதிக்கொண்டே போகிறீர்கள். அலாரம் அடித்தால் யார் போவது, அவர் ஊரில் இல்லாத நாளில் அடுத்த ஆள் யார் என்று ஒரு கட்டுரையிலும் கேட்டதில்லை.

நான் கேட்பது ஒரு திருத்தம். சமையலறைப் படத்தில் எரிவாயுக் கசிவு அலாரத்தைக் கூரையை ஒட்டி மாட்டியிருக்கிறீர்கள். கீழே இருப்பது சிலிண்டர். சிலிண்டரில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவும். அதற்கான அலாரம் தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். கூரைக்கு அருகே வைப்பது குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்கு. மறதி நோயில் வாசனை அறியும் திறனும் பலருக்குக் குறைந்துவிடுவதால், கசிவை அவர் மூக்கு சொல்லாது. அந்தப் படத்தைப் பார்த்து யாராவது ஏற்கெனவே ஆணி அடித்திருப்பார்கள். அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவில் படத்தைத் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இடம் மிஞ்சினால், கடிகாரத்தைத் தினமும் அவர் குளிக்கும் நேரத்தில் சார்ஜில் போட்டு, உடை மாற்றும்போதே திரும்பக் கட்டிவிட வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்