இரண்டாவது செட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். மூன்று வாரமாகிறது. அம்மாவுக்கு மட்டும் நல்லா இருக்கேன் என்று ஒரு வரி அனுப்புகிறாய், அவள் அதை எனக்குப் படித்துக் காட்டுகிறாள், மறுபடியும் படிக்கச் சொல்கிறேன், அதில் ஒன்றும் கிடைப்பதில்லை.

அன்று நீ சொன்னது "இரண்டாவது ஜெனரேட்டர் செட் நின்றுபோச்சுப்பா, அறிக்கை எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க" என்பது மட்டும்தான். பின்னால் ஓடிய சத்தத்தில் மீதி என் காதில் விழவில்லை. நீயாவது காதுக்கு அடைப்பான் போட்டுக்கொள். எஞ்சின் அறைக்குள் ஒரு நிமிட வேலைதானே என்று போகிற அந்த ஒரு நிமிடங்கள்தான் சேர்ந்து சேர்ந்து என் காதைத் தின்றன.

செட் எதனால் நின்றது என்று நீ சொல்லாததால் நானே படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக யோசிக்கிறேன். உங்கள் சுரங்கம் இருக்கிற உயரத்தில் காற்று மெலிந்துதான் இருக்கும். 4000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் கிலோவாட் அங்கே கிடைக்காது, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ ஓரளவுக்குத்தான் ஈடுகட்டும், அதற்கு மேல் டீசலைக் கொடுத்தால் கரும்புகையும் எக்ஸாஸ்ட் சூடும்தான் மிச்சம். இதைக் கணக்குப் போட்டுப் பெரிய செட்டாக வாங்கி வைப்பார்கள், அப்புறம் இரவில் கல் உடைக்கிற கிரஷர் நின்றதும் அந்தப் பெரிய செட் 20 சதவீத லோடில் முனகிக்கொண்டு ஓடும். பார்க்கிறவர்களுக்கு எஞ்சினுக்கு ஓய்வு கொடுக்கிற மாதிரி தோன்றும். ஓய்வே இல்லை அது. 30 சதவீதத்துக்கும் கீழே மணிக்கணக்கில் ஓடினால் சிலிண்டர் போதிய அளவு சூடேறாது, டீசல் முழுசாக எரியாது, பிஸ்டன் ரிங் சிலிண்டரின் உள்சுவரான லைனரோடு இறுக்கமாக உட்காராது, கடைசியில் லைனர் கண்ணாடி மாதிரி வழவழத்துப்போய் ஆயில் மேலே ஏறும், எக்ஸாஸ்ட் குழாய் இணைப்பில் கறுப்பாக ஒழுகும். அதை வெறும் ஆயில் கசிவு என்று நினைத்துக் கேஸ்கெட்டை மாற்றிக்கொண்டே இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்திலேயே செயற்கையாக லோடு ஏற்றும் லோடு பேங்க் போட்டு நல்ல லோடில் சில மணி நேரம் ஓட்டினால் எரிந்து சுத்தமாகிவிடும். கண்ணாடி ஏறிவிட்டால் லைனரை உரசிச் சொரசொரப்பாக்கும் ஹோனிங் செய்யாமல் தீராது.

இதெல்லாம் உனக்குத் தெரியாததா? போன வருடமே நீதானே அவர்களுக்கு எழுதிக் கொடுத்தாய், இரவில் இரண்டு செட் வேண்டாம், ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை ஒழுங்கான லோடில் ஓட்டலாம் என்று. அந்தக் காகிதத்தின் நகல் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் பத்திரமாக வை.

டாங்கின் அடியில் தண்ணீரை வடிக்கச் சொல், தண்ணீர் நின்றால் டீசலுக்கும் அதற்கும் நடுவில் கிருமி வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். குளிர் காலத்துக்கான டீசல்தானா என்றும் பார், மெழுகு கட்டினால் எஞ்சின் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. பாட்டரியையும் பார். காதுக்கு மறக்காதே.

2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையச் செய்தி வந்தபோது நீ பள்ளிச் சீருடையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். கடல் உள்ளே வந்து அவசர ஜெனரேட்டர்கள் மூழ்கின, தனிக் கட்டடத்தில் இருந்த காற்றால் குளிரும் செட் ஒன்று மட்டும் தப்பி 5, 6ஆம் உலைகளுக்கு மின்சாரம் கொடுத்தது என்று பிறகு நான் படித்துச் சொன்னேன். நீ உடனே கேட்டாய், "அதைத் தனியா வைக்கச் சொன்னது யாருப்பா?" என்று. எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அப்படிக் கேட்ட பிள்ளை இப்போது அப்பாவிடம் ஒரு வார்த்தை பேச யோசிக்கிறது.

நீ முன்பெல்லாம் அந்த உதவியாளர் பையனைப் பற்றி நிறையச் சொல்வாய், சத்தத்தை வைத்தே எந்த இன்ஜெக்டர் சரியில்லை என்று கண்டுபிடிக்கிறான் என்று. இப்போது அவன் பேச்சே இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை. யாருடைய தப்பு என்றும் கேட்கவில்லை.

சித்தப்பா கை விஷயம் ஒன்று சொல்ல வேண்டும்.

பெரிய எஞ்சினில் ஏதாவது பேரிங்கோ பிஸ்டனோ அளவுக்கு மீறிச் சூடானால் உள்ளே ஆயில் ஆவியாகிப் புகைமூட்டம் மாதிரி கட்டும். எஞ்சினை நிறுத்திய உடனே அதன் அடிப்பெட்டியான கிராங்க்கேஸின் கதவைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், சூடு இன்னும் ஆறியிருக்காது, வெடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் தொடவே கூடாது. 1947இல் ரெய்னா டெல் பசிபிக்கோ என்ற கப்பலின் சோதனை ஓட்டத்தில் கிராங்க்கேஸ் வெடித்து 28 பேர் இறந்தார்கள், அதைப் பயிற்சியில் எங்களுக்குப் பாடமாகவே நடத்தினார்கள். எனக்குத் தெரியாமல் இல்லை.

அன்று ஷிஃப்ட் பொறுப்பு என்னுடையது. உள்ளே ஆயில் புகை கட்டினால் அடிக்கிற ஆயில் மிஸ்ட் அலாரம் அடித்து எஞ்சின் நின்றது, எப்போது ஓடும் எப்போது ஓடும் என்று மேலிருந்து போன் மேல் போன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. சித்தப்பா "கொஞ்சம் ஆறட்டும் அண்ணே" என்றான். நான்தான் திற என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.

அறிக்கையில் உதவியாளர் அவசரப்பட்டுத் திறந்ததாக எழுதினேன். எழுதியது என் கை. சித்தப்பா கட்டுப் போட்டுப் படுத்திருந்தான், அதைப் படிக்கச் சொல்லி அவர்கள் நீட்டியபோது என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வலது கையால் கையெழுத்துப் போட்டான். அதற்குப் பிறகு அவனுக்கு எஞ்சின் வேலை யாரும் கொடுக்கவில்லை. வீட்டில் எல்லோரும் அவனை அவசரக்காரன், அவசரக்காரன் என்று சொல்லும்போது, நீயும் சின்ன வயதில் சொல்லியிருக்கிறாய், நான் வாயைத் திறக்கவில்லை. உனக்கு முதல் ஸ்பேனரைக் கையில் கொடுத்தவன் அவன். அந்த மடங்காத விரல்களால்தான் பிடித்துக் காட்டினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மாவுக்கும் இது தெரியாது. நானே சொல்கிறேன், நீ சொல்ல வேண்டாம்.

நீ என்ன எழுதிக் கொடுத்தாய், இன்னும் கொடுக்கவில்லையா, எனக்குத் தெரியாது. கொடுக்கவில்லை என்றால் லாக் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுது, மணி, லோடு, ஆயில் பிரஷர், யார் சொல்லி யார் செய்தது, அப்படியே. கொடுத்துவிட்டாய் என்றாலும் மாற்றிக் கொடுக்கலாம். நான் மாற்றிக் கொடுத்திருக்கலாம், பல மாதம் அவகாசம் இருந்தது. வேலை போனால் வீட்டுக்கு வா, அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

இரவில் எஞ்சின் அறைக்குத் தனியாகப் போகாதே.

உனக்கு இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்று நேற்று சித்தப்பாவிடம் சொன்னேன். அவன் வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பிள்ளை காதுக்கு ஏதாவது போட்டுக்கிறாளான்னு கேளுங்க அண்ணே" என்றான்.

போட்டுக்கொள்கிறாயா?

அப்பா